அப்பத்தா சொல்லாததை விளம்பரம் சொல்கிறது: என்ன செய்யலாம்?

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சென்னையிலுள்ள ஐடி நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். வேலை முடிந்த பிறகு அவருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. இணையத்தில் கண்ணில் படும் பழைய விளம்பரங்கள், முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் கடைகளில் கிடைக்கும் தீப்பெட்டி லேபிள்கள், வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ரவிவர்மா படங்கள் என்று எதையாவது எடுத்து, மனதில் தோன்றியதை இரண்டு வரி சேர்த்துப் பதிவிடுவார்.

அப்படித்தான் ஒருநாள், வளவில் (வீட்டு நடுவே தூண்கள் சூழ்ந்த முற்றம்) உட்கார்ந்து சீப்புச்சீடைப் பலகாரம் சுற்றிக்கொண்டிருந்த 81 வயது அப்பத்தாவைச் செல்போனில் எடுத்துப் போட்டார். அப்பத்தா மாவை விரலில் சுற்றியபடியே ஒரு தாலாட்டில் இரண்டு வரி பாடுகிறார். "எவ்வளவு மாவு போடணும் அப்பத்தா?" என்று பேத்தி கேட்க, "எத்தன வாய் இருக்கோ, அத்தன கை" என்கிறார். அந்தப் பதில் மீம் ஆகிவிட்டது. சம்பள உயர்வு கேட்பவரும், கல்யாணப் பந்திக்கு இலை எண்ணுபவரும், அலுவலகத்தில் ஆள் போதவில்லை என்று புலம்புபவரும் அப்பத்தாவின் முகத்தைப் போட்டு அந்த வரியை எழுதினார்கள். குடும்பமே சிரித்து மகிழ்ந்தது.

அதற்கப்புறம்தான் சிக்கல். வெளிமாநில நொறுக்குத்தீனி நிறுவனம் ஒன்று அதே வீடியோவை எடுத்து விளம்பரம் ஆக்கிவிட்டது. அப்பத்தாவின் குரலை ஏஐ மூலம் உருவாக்கி, "எத்தன வாய் இருக்கோ, அத்தன பாக்கெட்" என்று பேசவைத்து, கீழே "காரைக்குடி அப்பத்தாவின் கைப்பக்குவம்" என்று எழுத்தும் போட்டிருக்கிறது. வாசகி கேட்டதற்கு, "இணையத்தில் பொதுவாக இருந்ததைத்தான் எடுத்தோம், உங்கள் பக்கத்தின் பெயரையும் போட்டிருக்கிறோமே" என்று பதில் வந்தது. கூடவே ஒரு பெட்டி நிறைய பலகாரமும், கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி ஓர் ஒப்பந்தத் தாளும்.

பெரியப்பா, "வாசலில் போட்ட கோலம் மாதிரிதான், இணையத்தில் போட்டால் ஊருக்கே சொந்தம். ஊர்ப் பெயர் வெளியே தெரிகிறது, விட்டுவிடு" என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, ஐம்பது லட்சம் கேட்டு வழக்குப் போடச் சொல்கிறார். விளம்பரத்தில் வளவு தெரிகிறது, அதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று ஒரு பங்காளி வீட்டார் ஆரம்பித்திருக்கிறார்கள். அப்பத்தாவோ விளம்பரத்தை அக்கம்பக்கத்தாருக்கு ஆசையாகக் காட்டுகிறார். ஆனால் ஒரு கேள்வியும் கேட்டாராம்: "நான் அந்தப் பாக்கெட்டுப் பலகாரத்தத் தின்னதே இல்லையே. நல்லாருக்குன்னு எப்பச் சொன்னேன்?"

வாசகி தன் பங்குக்கு என்னிடம் கேட்பது: "நானே மற்றவர்களின் படங்களை எடுத்துப் போடுகிறவள். எனக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறதா?"

என் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பத்தா கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். விஷயத்தின் நடுவில் கை வைத்தவர் அவர்தான். தின்னாத பண்டத்தை நல்லாருக்கு என்று அவர் வாயால் சொல்லவைத்தது இந்த விளம்பரம் செய்த பெரிய தவறு. வீடியோவைக் கேட்காமல் எடுத்தது அதற்கு அடுத்ததுதான்.

இரண்டு பேருடைய உரிமை

உங்கள் கடிதம் முழுக்க "என் வீடியோ" என்றே எழுதியிருக்கிறீர்கள். வீடியோ உங்களுடையதுதான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, அதைத் தன் முயற்சியில் எடுத்தவர் நீங்கள் என்பதால் எடுத்த நொடியிலேயே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. பதிவு செய்யவில்லையே, எந்த முத்திரையும் போடவில்லையே என்று வருந்தியிருக்கிறீர்கள். பதிவு கட்டாயம் இல்லை. அது ஒரு கூடுதல் சாட்சி, அவ்வளவுதான்.

ஆனால் அதில் இருக்கும் முகமும் குரலும் அப்பத்தாவுடையவை. அந்த உரிமையை நீங்கள் அவருக்காக விற்கவும் முடியாது, விட்டுக்கொடுக்கவும் முடியாது. 1994-இல் தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே தீர்ப்பளித்தது.

"இதெல்லாம் சினிமா நட்சத்திரங்களுக்குத்தானே?" என்று கேட்டிருந்தீர்கள். தன் பெயரையும் சாயலையும் பயன்படுத்திய ஒரு படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். 2024-இல் பாடகர் அரிஜித் சிங், தன் குரலை ஏஐ மூலம் நகல் செய்தவர்களுக்கு எதிராக மும்பை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். செய்தியில் வருவது பிரபலங்களின் வழக்குகள் என்பது உண்மைதான். அவர்கள் தங்கள் பெயருக்கு இருக்கும் சந்தை மதிப்பைக் காட்டி வாதாட முடியும். அப்பத்தாவுக்கு அந்த வாதம் அவ்வளவு கைகொடுக்காது. ஆனால் "என் சம்மதம் இல்லை, நான் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுகிறார்கள்" என்ற வாதத்துக்கு ஒருவர் பிரபலமாக இருக்க வேண்டியதே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்பத்தா அதில் தாலாட்டுப் பாடுகிறார். பாடுகிறவர், நடிக்கிறவர், கதை சொல்கிறவர் ஆகியோருக்குப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே தனி உரிமை இருக்கிறது. அது 50 ஆண்டுகள் நீடிக்கும். தன் பாட்டைத் தனக்கு இழுக்கு வரும்படி வெட்டித் திரித்தால் ஆட்சேபிக்கும் உரிமையும் அதில் அடக்கம். மேடை ஏறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வளவில் உட்கார்ந்து பாடினாலும் பாட்டுதான்.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, அப்பத்தாவோடு தனியாக உட்கார்ந்து பேசுவது. விளம்பரம் ஓடட்டும், எனக்குச் சந்தோஷம்தான் என்கிறாரா? முகம் இருக்கட்டும், அந்தப் பொய்க் குரல் வேண்டாம் என்கிறாரா? மொத்தமாக எடுக்கச் சொல்கிறாரா? டிவியில் தெரிவதுபோல் தெரிகிறோமே என்ற மகிழ்ச்சியும், நான் சொல்லவில்லையே என்ற சங்கடமும் ஒரே மனதில் சேர்ந்து இருக்கலாம். அவசரப்படுத்தாமல் கேளுங்கள். பெரியப்பாவோ தம்பியோ சொல்வதைவிட, ஏன் நீங்கள் விரும்புவதைவிடவும், அவர் சொல்வதுதான் இதில் முடிவு.

இணையத்தில் இருப்பதெல்லாம் பொதுவா?

பெரியப்பாவின் கோல உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். வாசலில் போட்ட கோலத்தை யாரும் நின்று பார்க்கலாம், ரசிக்கலாம். அதைப் படமெடுத்து மாவுப் பாக்கெட்டில் அச்சடித்து விற்பது வேறு வேலை. ஒரு செயலியில் பதிவிடும்போது அதைக் காட்டவும் பகிரவும் அந்தச் செயலிக்கு நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள். மூன்றாவதாக வரும் பலகாரக் கம்பெனிக்கு அந்த அனுமதி போய்ச் சேராது. உங்கள் பக்கத்தின் பெயரைப் போட்டதும் அனுமதி ஆகாது. பெயர் போடுவது மரியாதை. கேட்டுவிட்டு எடுப்பதுதான் அனுமதி.

நம் சட்டத்தில் விதிவிலக்குகள் இருக்கின்றன. சொந்த உபயோகம், படிப்பு, விமர்சனம், நடப்புச் செய்தி என்று அவை எழுதியே வைக்கப்பட்டிருக்கின்றன. பண்டம் விற்கும் விளம்பரம் அதில் எங்கும் இல்லை.

"ஊர்ப் பெயர் தெரிகிறதே" என்ற பெரியப்பாவின் பேச்சை நான் ஒதுக்கிவிடவில்லை. அதில் பாசம் இருக்கிறது. ஆனால் காரைக்குடிக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு, அவருக்கே தெரிந்திருக்கும். 1940-களில் காரைக்குடியில் சினிமா ஸ்டுடியோ நடத்திய ஏ.வி.மெய்யப்பன் கையில் பாரதியார் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை இருந்தது. பாரதி மக்களுக்குச் சொந்தமாக வேண்டும் என்று 1949-இல் அரசு கேட்டபோது, பணம் வாங்காமலே கொடுத்தார். கேட்டார்கள், உரிமை உள்ளவர் மனமுவந்து கொடுத்தார். ஊருக்குப் பெருமை அதனால் வந்தது. உங்களிடம் இந்த நிறுவனம் கேட்கவே இல்லை.

நீங்கள் நினைத்திருக்கும் ஒன்றையும் திருத்த வேண்டும். "எங்கள் வீட்டுச் செய்முறையைத் திருடிவிட்டார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். சீப்புச்சீடையின் செய்முறைக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. அரிசி மாவு, உளுந்து மாவு, தேங்காய்ப்பால் என்ற கணக்கு எல்லோருக்கும் பொது. "செட்டிநாடு" என்ற பெயரும் அப்படித்தான். செட்டிநாட்டு ஓலைக் கூடையான கொட்டானுக்கும் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அது அந்தந்தப் பொருளுக்கு மட்டுமே பாதுகாப்பு. பலகாரப் பாக்கெட்டில் செட்டிநாடு என்று போடுவதை அதைக் காட்டி நிறுத்த முடியாது. எனவே புகாரில் செய்முறையைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். எதிர்தரப்பு வக்கீல் அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறக்கடித்துவிடுவார்.

மீம் போட்டவர்களும் உங்கள் சொந்தப் பதிவுகளும்

மீம்களையும் நிறுத்த வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. கண்டிப்பாகப் பார்த்தால், மீமுக்கென்று நம் சட்டத்தில் தனி விலக்கு எழுதப்படவில்லை. ஆனாலும் அவர்கள் யாரும் அப்பத்தாவை வைத்து எதையும் விற்கவில்லை. அவர் சொன்ன நல்ல வரியைத் தங்கள் வாழ்க்கையில் பொருத்திப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வடிவேலுவின் முகபாவம் நம் அன்றாடப் பேச்சில் கலந்ததும் இப்படித்தான், அது ஒரு சமூகம் சேர்ந்து சிரிக்கும் முறை. அப்பத்தாவைக் கேவலப்படுத்தியோ ஆபாசமாக மாற்றியோ யாராவது போட்டால், அதை மட்டும் உடனே புகார் செய்யுங்கள்.

உங்கள் மனதை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். ரவிவர்மா 1906-இல் காலமானவர். ஓவியரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள்தான் உரிமை என்பதால், அவர் படங்களை நீங்கள் தயங்காமல் போடலாம். வரைந்தவர் பெயர் இல்லாத பழைய தீப்பெட்டி லேபிள் என்றால், வெளியான ஆண்டிலிருந்து 60. பழைய விளம்பரம் ஒன்றைக் காட்டி, அதைப் பற்றிக் கருத்துச் சொல்வது விமர்சனம் என்ற விலக்குக்குள் வரும். ஆனால் வேறு சில வீடியோக்களில் முழு சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். செயலியே தரும் பாட்டு நூலகத்திலிருந்து எடுத்திருந்தால் பிரச்சினை குறைவு. வெளியிலிருந்து சேர்த்திருந்தால் அவற்றை எடுத்துவிடுங்கள். நிறுவனம் இதைக் கிளறும். அது உங்கள் உரிமையைப் பறித்துவிடாது, ஆனாலும் பேச்சு திசைமாற இடம் கொடுக்க வேண்டாம்.

ஐடி வேலை பற்றி: அலுவலக வேலையின் பகுதியாகச் செய்ததற்குத்தான் முதலாளிக்கு உரிமை வரும். மாலையில் வளவில் எடுத்தது அதில் சேராது. பணம் ஏதாவது வருவதாக இருந்தால் மட்டும், வெளி வருமானம் பற்றிய கம்பெனி விதியைப் பார்த்து எச்ஆர் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

பங்காளி வீட்டாருக்கு: பின்னணியில் தூண் தெரிந்ததற்காகப் பங்கு கேட்க முடியாது. நாளைக்கு அந்த நிறுவனமோ வேறு யாரோ வளவுக்குள் வந்து படமெடுக்க வேண்டும் என்றால், அப்போது பங்குள்ள எல்லோருடைய சம்மதமும் வேண்டும்.

அந்த ஒப்பந்தத் தாளில் கையெழுத்து வேண்டாம்

நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. "எல்லா உரிமைகளும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும்" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். தொகை எவ்வளவு என்ற இடத்தில் "அன்பளிப்புப் பெட்டி". உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்று குறிப்பிட வேண்டும் என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. காலம் குறிப்பிடாமல் விட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாமல் விட்டால் இந்தியா என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அதைத் தெரிந்துகொண்டுதான் "என்றென்றைக்கும்", "உலகம் முழுவதும்" என்று போட்டிருக்கிறார்கள்.

அதைவிட மோசம், தாளின் மேலே இருக்கும் தேதி. விளம்பரம் வெளியாவதற்கு ஒரு மாதம் முந்தைய தேதி அது. நீங்கள் கையெழுத்திட்டால், முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிட்டுத்தான் எடுத்தோம் என்று அவர்கள் காட்ட முடியும். அப்பத்தாவுக்கும் ஒரு கையெழுத்துக் கோடு விட்டிருக்கிறார்கள். பலகாரப் பெட்டி வந்த கையோடு யாராவது வீட்டுக்கு வந்து அவரிடம் நேராகக் கையெழுத்தோ கைநாட்டோ கேட்டால், பேத்தியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லும்படி இன்றைக்கே அவரிடம் சொல்லிவையுங்கள். தாளைக் கிழித்துப் போடாதீர்கள். அது உங்களுக்கு நல்ல சாட்சி. பெட்டியைத் திருப்பி அனுப்பி, அனுப்பிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போகலாம்

எதைச் செய்வதற்கு முன்னும் சாட்சியைச் சேர்த்துவிடுங்கள். விளம்பரம் ஓடுவதைத் தேதியும் முகவரியும் தெரியும்படி பதிவு செய்யுங்கள். செல்போனில் எடுத்த மூல வீடியோவை அழிக்காமல், சுருக்காமல், இரண்டு இடத்தில் வைத்திருங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுச் சாட்சியோடு ஒரு சான்றும் தர வேண்டும். அதை வக்கீல் தயாரித்துக் கொடுப்பார். விளம்பரம் நீக்கப்பட்ட பிறகு இதையெல்லாம் தேடினால் கிடைக்காது.

விளம்பரத்தை நிறுத்துவது மட்டும் போதும் என்று அப்பத்தா சொன்னால், செயலிக்குப் பதிப்புரிமைப் புகார் எழுதுங்கள். பதிப்புரிமை விதிகள் 2013-இன்படி, புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அதை முடக்க வேண்டும். அந்த முடக்கம் 21 நாளைக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். எனவே புகாரோடு நிறுவனத்துக்கு நோட்டீசும் போவது நல்லது.

விளம்பரம் பொய் சொல்கிறது என்பதற்குத் தனி வழி இருக்கிறது. பரிந்துரைக்கிறவர் உண்மையாகத் தன் கருத்தைச் சொல்லியிருக்க வேண்டும், பொருளைப் பற்றிப் போதிய தகவலோ அனுபவமோ அவருக்கு இருக்க வேண்டும் என்று 2022-இல் வந்த தவறான விளம்பரங்கள் தடுப்பு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அப்பத்தாவின் கேள்வியும் இதுவேதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்து முதல் தவறுக்கே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். 1985 முதல் இயங்கும் இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலுக்கும் எழுதலாம். விளம்பரத்தைத் திருத்தவோ திரும்பப் பெறவோ அது சொல்லும். இந்த இரண்டு இடத்திலும் உங்களுக்கு இழப்பீடு கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இழப்பீடு வேண்டுமென்றால் வழக்கு. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே பதிப்புரிமை வழக்குத் தொடுக்கலாம் என்று சட்டத்தின் 62-ஆவது பிரிவு சொல்வதால், நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம், சிவகங்கை மாவட்ட நீதிமன்றம் போதும். ஆனால் தம்பி சொல்லும் ஐம்பது லட்சத்தை மனதில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். முறையாகக் கேட்டிருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பார்கள், இதனால் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்ற கணக்கில்தான் நீதிமன்றம் பார்க்கும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம். 81 வயதில் சாட்சிக் கூண்டில் நிற்க அப்பத்தாவுக்கு விருப்பம் இருக்கிறதா என்பதும் பெரிய கேள்வி. பதிப்புரிமை மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் சட்டத்தில் உண்டு. ஆனால் எடுத்த எடுப்பில் போலீசுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கப்புறம் பேச்சுவார்த்தைக்கு இடமே இருக்காது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நோட்டீசில் தொடங்குவேன். இப்படி எழுதலாம்:

"எங்கள் சம்மதமின்றி எடுத்த காட்சியையும், என் அப்பத்தாவின் குரலைப்போல் செயற்கையாக உருவாக்கிய ஒலியையும் 7 நாளுக்குள் எல்லா இடத்திலிருந்தும் நீக்க வேண்டும். அந்தக் குரல் பதிவை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தர வேண்டும். எங்கெங்கே, எத்தனை நாள் வெளியிட்டீர்கள் என்ற விவரம் தர வேண்டும். அவர் உங்கள் பொருளைப் பரிந்துரைக்கவில்லை என்று, விளம்பரம் வந்த அதே பக்கத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். இதுவரை பயன்படுத்தியதற்கு உரிய தொகை பற்றிப் பேச நாங்கள் தயார்."

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடு தொடர்பு கிடைக்கும். நோட்டீஸ் உங்கள் பெயரில் ஒன்று, அப்பத்தா பெயரில் ஒன்று என்று இரண்டாகப் போகட்டும்.

நிறுவனம் இறங்கிவந்து முறையாக அனுமதி கேட்டால், அப்பத்தாவுக்கும் சம்மதமென்றால், தாராளமாகக் கொடுக்கலாம். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் என்று காலம் குறிக்கட்டும். அவர் உண்மையில் பேசியது மட்டும்தான், ஏஐ குரல் கூடாது என்று எழுதட்டும். பண்டத்தைப் பற்றி அவர் ஏதாவது சொல்வதாக இருந்தால், முதலில் தின்று பார்க்கட்டும், பிடித்திருந்தால் சொல்லட்டும். வீடியோவுக்கான தொகை உங்களுக்கு. முகத்துக்கும் குரலுக்குமான தொகையை அப்பத்தா பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள்.